உற்றவர் உரை

சென்ற ஆண்டு மாரிக்காலத்து ஒரு காலைப்பொழுது. எங்கள் கல்லூரியின் மேல்மாடி வகுப்பறையில் திருக்குறளின் மருந்து அதிகாரத்தை மாணவர்க்கு உரைத்துக்கொண்டிருந்தேன். சாளரத்தினூடே பார்த்தால் உட்துறைமுகத்தின் நீர்ப்பரப்பும், மூதூருக்குப் புறப்படும் படகும் தெரியும். மழை சற்றே விட்டிருந்தது.

தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் இறுதிக் குறளுக்கு வந்தேன். மருத்துவம் என்பது நான்கு கூறுடையது என்று வள்ளுவர் அங்கே வகுக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்பன அந்நான்கு. பரிமேலழகர் அம்மட்டில் நின்றாரல்லர். ஒவ்வொரு கூற்றுக்கும் நந்நான்கு இயல்புகளை வகுத்து, பதினாறாக விரித்துக் காட்டினார். உற்றவனுக்குரிய நான்காவன: பொருளுடையனாதல், மருத்துவன் சொல்வழி நிற்றல், தன் நோயின் நிலையை எடுத்துரைத்தல், மருந்தினால் வருந் துன்பத்தைப் பொறுத்தல்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “ஐயா, மருத்துவத்தைப் பற்றிச் சொல்லுமிடத்து மருத்துவனையல்லவா முதலில் வைக்கவேண்டும்? நோயாளியை ஏன் முதலில் வைத்தார்?” என்று வினவினாள்.

“நோய் இல்லையேல் மருத்துவன் ஏது? ஆதலால் நோயுற்றவன் முதலில் நின்றான்” என்றேன். அவள் அமர்ந்தாள்; ஆயினும் அவள் முகம் தெளியவில்லை.

அவ்விடை பிழையன்று, ஆனால் அரைவிடை. எஞ்சிய பாதி என் வீட்டிலேயே, என் தங்கையிடம், நாற்பது ஆண்டுகளாக இருந்தது. யான் அதனைக் கேட்டறியாமையே குறை.

தேமல் அன்று

என் தங்கை என்னிலும் நான்கு வயது இளையவள். இக்கட்டுரையை அவளுக்கு வாசித்துக்காட்டி, அவள் இசைவு பெற்ற பின்னரே அச்சுக்கு அனுப்புகின்றேன். “பெயர் வேண்டாம், மற்றதெல்லாம் எழுதுங்கள்” என்பது அவள் ஆணை.

அவள் பிறந்தபோதே உடலில் பால்கலந்த கோப்பி நிறத்தில் சில புள்ளிகள் இருந்தன. தேமல் என்றார் சிலர்; கிரகணத்தன்று தாய் வெளியே வந்தமையால் வந்த வடு என்றார் வேறு சிலர். பரிகாரியார் எண்ணெய் கொடுத்தார். அம்மா பத்திரகாளி அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைத்தார். பதினைந்து வயதளவில் கையிலும் கழுத்திலும் மெல்லிய சிறு கட்டிகள் எழத் தொடங்கின. அப்பொழுது ஊர் வேறொரு சொல்லைச் சொல்லத் தொடங்கியது. குட்டம் என்பதே அச்சொல். பேருந்தில் அவளருகே இருந்தோர் எழுந்து வேறிடம் சென்றனர். திருமணப் பேச்சுக்கள் வந்தவாறே திரும்பின. அவளோ சட்டையின் கை நீளத்தைக் கூட்டினாள். வெளியே செல்வதைக் குறைத்தாள்.

அது குட்டமுமன்று, தேமலுமன்று. எவரையும் தொற்றுவதுமன்று. அது நரம்புநார்க்கட்டி நோய். மேனாட்டு மருத்துவர் அதனை நியூரோபைப்ரோமற்றோசிசு என்பர். 1882ஆம் ஆண்டில் றெக்லிங்கவுசென் என்னும் செருமானிய நோயியல் அறிஞர், தோலிலெழும் இக்கட்டிகள் நரம்பைச் சூழ்ந்த இழையங்களிலிருந்து தோன்றுவன என விளக்கினார். அதனால் நெடுங்காலம் இந்நோய் அவர் பெயராலேயே வழங்கிற்று.

இதன் காரணம் பின்னரே தெரிந்தது. நம் உடலின் கலங்கள் ஒவ்வொன்றும் எப்போது பெருகவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்பதற்கு உள்ளே ஒரு கட்டுப்பாடு உண்டு. பெருகுக என்னும் ஏவலை அடக்கும் கடிவாளம் போன்ற புரதம் ஒன்று, பதினேழாம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகினால் ஆக்கப்படுகின்றது. அவ்வலகு பழுதுற்றால் கடிவாளம் தளரும். நரம்பைச் சூழ்ந்த கலங்கள் அளவிறந்து பெருகிக் கட்டியாகும். ஏறத்தாழ 3000 பிறப்புக்களில் ஒன்றுக்கு இந்நோய் நேர்கின்றது. பெற்றோரில் ஒருவர்க்கு இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருதற்கும் வராமைக்கும் சமவாய்ப்பே உண்டு. ஆயின் நோயுடையோருட் பாதியளவினர் குடும்பத்தில் எவருக்கும் முன்பு இல்லாதபோதே, புதிதாய் நேர்ந்த விகாரத்தால் அதனைப் பெற்றோராவர். எங்கள் குடும்பமும் அவ்வகையினதே. தாய் வெளியே வந்த கிரகணமும் இல்லை. முன்னோர் செய்த பாவமும் இல்லை.

எல்லோரையும் இந்நோய் ஒருபடித்தாய் வருத்துவதில்லை. சிலர்க்குப் புள்ளிகளோடு அமையும். சிலர்க்கு நரம்பின் வழியே வேர்போற் படர்ந்த பெருங்கட்டி உடலினுள் வளர்ந்து முள்ளந்தண்டையோ மூச்சுக்குழலையோ நெருக்கும். பத்தில் ஒருவர் அளவினர்க்கு வாழ்நாளில் ஒருகால் அது புற்றாக மாறவும் கூடும். இதற்கு உறவான மற்றொரு நோயும் உண்டு. அது இருபத்திரண்டாம் நிறமூர்த்தத்திலுள்ள வேறோர் அலகின் பழுதால் வருவது; மிக அரிது; இரு செவிகளின் நரம்பிலும் கட்டிகள் வளர்ந்து கேள்வியைப் பறிப்பது.

காட்சிப்பொருளாய் நின்றோர்

இந்நோயைப் பற்றிப் பேசுவோர் பலர் இன்றும் ஒரு பெயரைத் தவறாது சொல்வர். யானை மனிதன் எனப்பட்ட யோசேப்பு மெரிக் என்பவரே அவர். 1862இற் பிறந்து 1890இல், இருபத்தேழாம் வயதில், இலண்டன் வைத்தியசாலையில் உயிர்நீத்த ஆங்கிலேயர். விகாரப்பட்ட உடலைக் காசுக்குக் காட்டும் கூடத்தில் அவர் நின்றார். பின்பு மருத்துவர் சபையிலும் நிறுத்தப்பட்டார். அவரைப் பேணிய சத்திரசிகிச்சையாளர் திறீவ்ஸ் 1923இல் வெளியிட்ட நினைவுநூலில் அவர் பெயரை யோசேப்பு என எழுதாது யோன் என எழுதினார். பல்லாண்டு அருகிருந்து பார்த்த நோயாளியின் பெயரே நூலில் மாறிற்று.

பெயரோடு நோயும் மாறிற்று. 1909இல் ஒரு மருத்துவர் மெரிக்கின் நோய் நரம்புநார்க்கட்டி நோயென்று எழுதினார். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் உலகம் அதனையே நம்பியது. 1986இல் ஆய்வாளர் இருவர், அது புரோற்றியசு எனப்படும் வேறொரு மிக அரிய நோயே எனக் காட்டினர். இன்று அறிஞர் பெரும்பாலார் ஒப்புவதும் அதுவே. ஆனால் அதற்குள், கோப்பி நிறப் புள்ளியோடு பிறந்த எத்தனையோ குழந்தைகளின் பெற்றோர் மெரிக்கின் படத்தைக் கண்டு இரவெல்லாம் உறங்காதிருந்தனர். நோயுற்றவரை வெறுங் காட்சியாக்கியவிடத்துக் கண் மட்டுமே வேலை செய்தது. செவி வேலை செய்யவில்லை. அதனால் விளைந்த பிழைகள் இவை.

தொலைவிலுள்ள இலண்டனுக்குப் போவானேன்? 1996ஆம் ஆண்டில் போர்க்காலத்துச் சோதனைச் சாவடிகளைக் கடந்து, என் தங்கையைத் தொலைநகர் வைத்தியசாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். பெரிய வைத்தியர் ஒருவர் அவளைக் கட்டிலில் இருத்தி, பத்துப் பன்னிரண்டு மாணவரைச் சூழ நிற்கச் செய்து, தோட்சட்டையை விலக்கச் சொன்னார். அவள் இசைவை எவரும் கேட்கவில்லை. அவர் பேசிய மொழி அவளுக்கு விளங்கவில்லை. ஒரு கோலின் நுனியாற் கட்டிகள் ஒவ்வொன்றாகச் சுட்டப்பட்டன. மாணவர் குறிப்பெழுதினர். திரைக்கு அப்பால் நின்ற யான் ஒன்றும் சொல்லவில்லை. படித்தவர்கள் செய்வது சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

வெளியே வந்தவள் பேருந்து நிலையம் வரையும் வாய்திறக்கவில்லை. பின்பு, “இனி என்னை இங்கே கூட்டிவராதேயுங்கள், அண்ணா” என்று மட்டும் சொன்னாள். இருபது ஆண்டுகளுக்கு மேல் அவள் எந்த வைத்தியசாலையின் வாயிலையும் மிதிக்கவில்லை. அக்காலத்திற்றான் இந்நோய் பற்றிய ஆராய்ச்சி உலகில் விரைந்து வளர்ந்தது.

சபையில் ஓர் ஆசனம்

அவ்வளர்ச்சியின் கதையை அண்மையிலேயே யான் கற்றேன். கற்றபோது வியந்தது ஒன்று உண்டு: அக்கதையில் நோயாளர் ஓரத்தில் நிற்கவில்லை.

1978இல் நியூயோர்க் நகரில் ஒரு நரம்பியல் மருத்துவரும் ஒரு தாதியும் ஒரு சட்டத்தரணியும் கூடி இந்நோய்க்கென ஒரு மன்றத்தைத் தொடங்கினர். அதுவே இன்று குழந்தைகள் கட்டிநோய் மன்றம் என்னும் பொருள்படும் பெயரோடு விளங்குவது. சிதறிக்கிடந்த நோயாளர் அதனூடே ஒருவரையொருவர் கண்டனர். அரிய நோய்க்கு இது பெரிய காரியம். நீரிழிவை ஆராயவேண்டின் ஓரூரிலேயே ஆயிரம் பேர் கிடைப்பர். மூவாயிரத்தில் ஒருவர்க்கு வரும் நோய்க்கு, அந்த ஒருவரைத் தேடியே ஊரூராய்ப் போகவேண்டும். அவரே முன்வந்தாலன்றி ஆராய்ச்சி இல்லை.

அவ்வாறே முன்வந்தனர். அமெரிக்காவின் யூற்றா மாநிலத்துப் பெருங்குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்நோயை உடையன. அவர்கள் தந்த இரத்தமும் குலமுறை வரலாறுமே 1987இல் அலகு இருக்கும் இடம் பதினேழாம் நிறமூர்த்தம் எனக் காட்டின. 1990இல் யூற்றாவிலும் மிச்சிக்கனிலும் இருந்த இரு குழுவினர் அவ்வலகையே கண்டெடுத்தனர். அதே 1990ஆம் ஆண்டில் எங்கள் மாவட்டத்து மக்கள் பல்லாயிரவர் மூட்டை முடிச்சுக்களோடு இடம்பெயர்ந்துகொண்டிருந்தோம். என் தங்கை நீளக்கைச் சட்டையோடு அகதி முகாமில் வரிசையில் நின்றாள். அவள் நோயின் மூலம் உலகின் மறுகரையில் வெளிப்பட்டதை எங்களுக்குச் சொல்வார் எவருமிலர்.

1996இல், என் தங்கையை மாணவர் நடுவே இருத்திய அதே ஆண்டில், அமெரிக்காவில் இந்நோயாளரும் அவர்தம் பெற்றோரும் அரசவையினரிடம் ஓயாது முறையிட்டதன் பயனாக, பாதுகாப்புத் திணைக்களத்தின் மருத்துவ ஆராய்ச்சி நிதியிலிருந்து இந்நோய்க்கெனத் தனியொரு திட்டம் தோன்றியது. கடற்படைத் தளத்தின் நிழலில் வளர்ந்த எனக்குப் பாதுகாப்புத் திணைக்களம் என்றால் கப்பலும் பீரங்கியுமே நினைவுக்கு வரும். அந்நிதி நரம்புக் கட்டியை ஆராயவும் பயன்பட்டது அறிந்து வியந்தேன். அங்கே எந்த ஆராய்ச்சிக்குப் பணம் தருவது என்று தீர்மானிக்கும் குழுக்களில், விஞ்ஞானிகளோடு நோயாளரும் அவர் உறவினரும் சமமாக இருந்து வாக்களிக்கின்றனர். இன்ன ஆராய்ச்சி நோயாளர்க்குப் பயன்படுமா, இத்தனை முறை வைத்தியசாலைக்கு வரச்சொன்னால் ஒரு தாய் வரக்கூடுமா என்பனவற்றை அவர்களே சொல்ல வல்லவர்.

2011இல் பல நாட்டு அறிஞர் கூடி, இந்நோய் ஆராய்ச்சிகளில் எதனை அளப்பது என்பதை வகுக்கும் கூட்டுமுயற்சி ஒன்றைத் தொடங்கினர். பின்பு அதன் குழுக்களிலும் நோயாளர் இடம்பெற்றனர். எதனை அளப்பது என்பது சிறிய வினாப்போலத் தோன்றும். அன்று, அதுவே தலையாய வினா. கட்டியின் பருமனை அளப்பது காந்தப்படப் பொறியால் இயலும். ஆனால் கட்டி ஐந்திலொரு பங்கு சிறுத்தது என்றால் அதனை உடைய குழந்தைக்கு என்ன ஆயிற்று? அது இரவில் உறங்கிற்றா? பள்ளி முற்றத்தில் ஓடிற்றா? மருந்துகளுக்கு அனுமதி வழங்குவோரும் ஒரு மருந்து மனிதனை நன்றாக உணரவும் இயங்கவும் நெடிது வாழவும் செய்கின்றதா என்றே கேட்பர். உணர்வதைச் சொல்லப் பொறி இல்லை. உற்றவன் வாயே உண்டு.

இதன் பயன் 2020இல் வெளிப்பட்டது. செலுமெற்றினிப் என்னும் மருந்து, தளர்ந்த கடிவாளத்துக்கு ஈடாக, பெருகுக என்னும் ஏவலை வேறோரிடத்தில் மறிப்பது. சத்திரசிகிச்சையால் அகற்ற இயலாத படர்கட்டிகளை உடைய 50 குழந்தைகளுக்கு அதனைக் கொடுத்து ஆராய்ந்தனர். 35 பேருக்குக் கட்டி ஐந்திலொரு பங்கோ அதனினும் மிகையாகவோ சிறுத்து, அது மறுபரிசோதனையாலும் உறுதிப்பட்டது. அத்தோடு நில்லாது, குழந்தைகளையே கேட்டனர். பூச்சியம் முதற் பத்து வரையுள்ள அளவுகோலில் நோவு எவ்வளவு, அது விளையாட்டையும் படிப்பையும் எவ்வளவு மறிக்கின்றது என்று அவர்களே குறித்தனர். ஓராண்டின் பின் நோவு சராசரியாக இரண்டு புள்ளி குறைந்திருந்தது. அவ்வாண்டு ஏப்பிரிலில் அமெரிக்க மருந்து ஆணையம் குழந்தைகளுக்கு அம்மருந்தை அனுமதித்தது. இந்நோய்க்கென அனுமதி பெற்ற முதல் மருந்து அதுவே. 2025 பெப்ரவரியில் மிர்டாமெற்றினிப் என்னும் மற்றொன்று பெரியோர்க்கும் சிறியோர்க்கும் அனுமதிக்கப்பட்டது.

தமிழாசிரியனாகிய என்னை ஈர்த்தது இன்னொரு செய்தி. 1987இல் இந்நோயை இன்னதென்று அறிதற்குரிய இலக்கணம் வகுக்கப்பட்டது. குறித்த அளவின் மேற்பட்ட புள்ளிகள் ஆறேனும் இருத்தல், கண்ணின் கதிராளியில் நுண்கணுக்கள் இருத்தல் என்றவாறு அது அமைந்தது. 2021இல் அதனைத் திருத்தி வகுத்தபோது, நிபுணரோடு நோயாளரையும் அவர்தம் மன்றங்களையும் கலந்தே வகுத்தனர். இலக்கியத்தினின்றே இலக்கணம் எடுக்கப்படும் என்பது எம் நூலோர் கொள்கை. நோய்க்கு இலக்கியம் நோயுற்ற உடலும் உயிருமே. அவற்றைக் கேளாது வகுக்கும் இலக்கணம் ஏட்டளவில் நிற்கும்.

நோவும் வலியும்

இரண்டாண்டுகளுக்கு முன் என் தங்கையின் இடக்கை நோவு மிகுந்தது. தேங்காய் துருவ இயலவில்லை. வற்புறுத்தி ஒரு கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த இளம் வைத்தியர் சட்டையை விலக்கச் சொல்லவில்லை. நாற்காலியை அருகே இழுத்து இருந்து, தமக்குத் தெரிந்த தமிழில், “உங்களுக்கு எது பெரிய கரைச்சல்?” என்று கேட்டார்.

யான் முந்திக்கொண்டேன். முகத்திலும் கழுத்திலும் உள்ள கட்டிகள் என்றேன். அவற்றால் அவள் வாழ்வு கெட்டது என்றேன். நல்ல தமிழில் நீளமாகவே சொன்னேன்.

“அண்ணா, நீங்கள் சொல்லாதேயுங்கள். என்னைத்தானே கேட்டவர்” என்றாள் தங்கை. பின்பு வைத்தியரை நோக்கிச் சொன்னாள். முகத்துக் கட்டிகள் பழகிப்போயின. அவற்றைப் பற்றி நினைப்பதே இல்லை. இரவில் கட்டிகளைச் சுற்றி எழும் அரிப்புத்தான் உறங்க விடுவதில்லை. மழை வருமுன் இடக்கை உளையும். சில வேளை மின்னல்போற் சுள்ளென்று ஓடும். கூட்டத்தில் எவராவது அக்கையில் முட்டிவிடுவரோ என்ற அச்சத்தாலேயே அவள் கோயில் திருவிழாவுக்கும் போவதில்லை.

யான் தலைகுனிந்து இருந்தேன். முகத்தை மறைக்கவே அவள் திருவிழாவுக்கு வருவதில்லை என்று முப்பது ஆண்டுகளாக நம்பியிருந்தேன். ஊருக்கும் அவ்வாறே சொல்லியிருந்தேன். அவள் நோயின் நிலையை அவளுக்காக யான் உரைத்தவையெல்லாம் என் நாணத்தின் நிலையே.

அவ்வைத்தியர் தம் மேற்படிப்புக்காக இந்நோயாளரின் அன்றாட இன்னல்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். ஒரு வினாநிரலைக் காட்டி, சேரலாம், சேராமலும் விடலாம், சேர்ந்த பின் விலகவும் செய்யலாம், எப்படியாயினும் வைத்தியத்தில் வேறுபாடு இராது என்று விளக்கினார். தங்கை ஓரிரவு யோசித்துச் சேர்ந்தாள். யான் தமிழ்ப் பண்டிதன் என்றறிந்த வைத்தியர், வினாநிரலின் தமிழைத் திருத்தித் தருமாறு வேண்டினார். எழுத்துப் பிழைகளைக் களைந்தேன். சந்தி சேர்த்தேன். நோ என்றிருந்த இடங்களிலெல்லாம் அது பேச்சுவழக்குப்போல் தோன்றியமையால் வலி என்று மாற்றினேன்.

தங்கை நிரப்பிய தாளைப் பார்த்தேன். வலி உண்டா என்ற வினாவுக்கு இல்லை என்று எழுதியிருந்தாள். அதன் அளவு என்ற கட்டத்திற் பூச்சியம் இட்டிருந்தாள்.

“கை உளைகிறது என்றாயே, ஏன் இல்லை என்று எழுதினாய்?” என்றேன்.

“வலி எண்டால் காக்கைவலிதானே, அண்ணா? அது எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. எனக்கு இருக்கிறது நோ.”

எம்மூர்ப் பழகுதமிழில் வலி என்பது கைகால் இழுக்கும் நோயையே குறிக்கும். தமிழகத்து நூலும் திரைப்படமும் அச்சொல்லைப் பிறிதொரு பொருளில் எங்கள் செவிக்குக் கொண்டுவந்தன. ஆனால் வைத்தியர் முன் இருந்து தாளிற் படிக்கும்போது அவளுக்குப் பிறந்தநாள் தொட்டுக் கேட்ட பொருளே தோன்றிற்று. இந்நோயாளர் சிலர்க்குக் காக்கைவலியும் வருவதுண்டாதலின் வினாவும் பொருந்தியதாகவே அவளுக்குப் பட்டது. ஒரு பண்டிதனின் திருத்தத்தால் ஒருத்தியின் முப்பதாண்டு நோவு பூச்சியம் ஆயிற்று. அத்தாள் அவ்வாறே போயிருந்தால், எண்ணிக் கூட்டிச் சராசரி கண்டு, திருகோணமலைப் பெண்களுக்கு நோவில்லை என்றுகூட ஒரு முடிவு எழுந்திருக்கலாம்.

மறுநாள் இருவரும் ஒருங்கிருந்து வினாநிரலை மீண்டும் எழுதினோம். இம்முறை அவள் சொன்னாள், யான் எழுதினேன். நோ, உளைவு, கடுப்பு, எரிவு, குத்து, குடைச்சல், விறைப்பு, சுள்ளிடுதல் என ஒன்பது பத்துச் சொற்களை அவள் தனித்தனியே பொருள் பிரித்துக் காட்டினாள். உளைவு நெடுநேரம் நிற்பது, எலும்புக்குள் இருப்பது. சுள்ளிடுதல் நொடியில் ஓடி மறைவது. கடுப்பு வேலைசெய்த பின் வருவது. யான் நிகண்டுகளைப் பாடஞ்செய்தவன். ஆனால் இவ்வேறுபாடுகளை எந்த நிகண்டிலும் கண்டிலேன். வைத்தியர் அவற்றைப் படித்து மகிழ்ந்தார். நரம்பிலிருந்து எழும் நோவையும் தசையிலிருந்து எழும் நோவையும் பிரித்தறிய இச்சொற்கள் உதவும் என்றார். அவை இரண்டுக்கும் மருந்து வேறு.

எங்கே அந்த நூற்றிருபத்தாறு பேர்?

இங்கே ஒரு கணக்கைச் சொல்லவேண்டும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி எங்கள் மாவட்டத்து மக்கள் 3 இலட்சத்து 79 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். மூவாயிரத்துக்கு ஒருவராயின், இம்மாவட்டத்தில் மட்டும் 126 பேர் அளவில் இந்நோயுடையோர் இருத்தல்வேண்டும். யான் அறிந்தவர் மூவர். ஏனையோர் எங்கே? மூதூரிலும் வெருகலிலும் குச்சவெளியிலும் கந்தளாயிலும் நீளக்கைச் சட்டைக்குள் இருக்கின்றனர். தேமல் என்றும் தோசம் என்றும் குட்டம் என்றும் வேறு பெயர்களுக்குள் இருக்கின்றனர்.

நோயாளர் ஆராய்ச்சியிற் பங்குபெறுதல் நன்று என்று சொல்லும்போது அதன் இடர்ப்பாடுகளையும் மறைத்தல் ஆகாது. ஆராய்ச்சி என்பது வைத்தியம் அன்று. அதிற் சேர்ந்தவர்க்கே பயன் கிட்டும் என்ற உறுதியில்லை. புதிய மருந்துகள் நோயை வேரறுப்பனவுமல்ல. தோல் வெடிப்பும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். இதயத்தையும் கண்ணையும் இடையிடையே சோதிக்கவேண்டும். விலையோ எம்போலியர்க்கு எட்டாத உயரம். உற்றவன் மருந்தின் துன்பத்தைப் பொறுத்தல்வேண்டும் என்று பரிமேலழகர் சொன்னது இன்றும் பொய்யாகவில்லை. ஆனால் எவ்வளவு பொறுப்பது, எதற்காகப் பொறுப்பது என்பதை உற்றவனையும் கேட்டே தீர்மானிக்கவேண்டும் என்பது இக்காலத்தார் அதனோடு சேர்த்த நீதி. 1964இல் உலக மருத்துவ சங்கம் எல்சிங்கி நகரில் வகுத்த பிரகடனமும், அறிந்து தரும் இசைவின்றி எவரையும் ஆராயலாகாது என்றே கூறுகின்றது.

இன்னுமோர் இடர் உண்டு. உற்றவனுக்குரிய இயல்புகளுட் பரிமேலழகர் முதலில் வைத்தது பொருளுடைமை. உலக சபைகளில் நோயாளர்க்கு இட்ட ஆசனங்களிற் பெரும்பாலும் அமர்வோர் பொருளும் ஆங்கிலமும் ஓய்வும் உடையோரே. அவர்கள் குரல் பொய்யன்று. ஆயின் அது எல்லோர் குரலுமன்று. வலை இழுக்கும் கையில் கட்டியுடையவன் எதனை அஞ்சுகின்றான், நாற்று நடும் பெண்ணுக்குச் சேற்றில் அரிப்பு எப்படி இருக்கும் என்பவற்றை அவர்கள் அறியார். 1983இல் கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித மரபியலுக்கென ஓர் அலகு தொடங்கப்பெற்றது. ஆதலின் இந்நாட்டில் அறிவு இல்லை என்று சொல்வதற்கில்லை. இங்கிருந்து அங்கே செல்லும் வழி 260 கிலோமீற்றர் அளவில். அதனினும் நெடிய வழி, ஒரு கிராமத்துப் பெண்ணின் வாய்ச்சொல்லுக்கும் ஆராய்ச்சியாளரின் தாளுக்கும் இடையில் உள்ளது. அவ்வழியிற் பாலம் இடுதல் மருத்துவரால் மட்டும் ஆகாது. மொழி கற்றோர் வேண்டும்.

ஆதலின் இப்பக்கத்தை வாசிக்கும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் என் வேண்டுகோள் இரண்டு. வகுப்பறையில் ஒரு குழந்தையின் உடலில் கோப்பி நிறப் புள்ளிகள் ஆறோ அதற்கு மேலோ கண்டால், தொற்றுநோய் என்று விலக்காதீர்கள். பெற்றோரைத் தனியே அழைத்து வைத்தியரிடம் காட்டுமாறு அன்போடு சொல்லுங்கள். இந்நோயுடைய குழந்தைகள் பலர்க்குக் கற்றலில் இடர் உண்டு. அதனைச் சோம்பல் என்று எண்ணிப் பிரம்பெடுப்பது கொடுமை. இரண்டாவது, உங்கள் ஊரில் நோய்க்கும் நோவுக்கும் வழங்கும் சொற்களைத் திரட்டுங்கள். பாட்டிமாரைக் கேளுங்கள், மீனவரைக் கேளுங்கள், நோயுற்றோரை முதலிற் கேளுங்கள். யான் செய்ததுபோல் அவற்றைத் திருத்திவிடாதீர்கள்.

சென்ற மாதம் வைத்தியரிடமிருந்து இரண்டாம் வினாநிரல் வந்தது. தங்கை முன்விறாந்தையில் இருந்து அதனைத் தானே நிரப்பினாள். குட்டைக்கைச் சட்டை அணிந்திருந்தாள்; வெயில் கடுமை என்றாள். இறுதிப் பக்கத்தில், நீங்கள் வேறு ஏதேனும் கூற விரும்புகின்றீரா என்று ஒரு வினாவும், அதன் கீழ் மூன்று வரி இடமும் இருந்தன. அவள் அம்மூன்று வரியையும் நிரப்பி, தாளின் மறுபக்கத்தையும் நிரப்பி, இன்னொரு தாள் கேட்டாள்.

எடுத்துக் கொடுத்தேன். என்ன எழுதினாள் என்று யான் பார்க்கவில்லை. அடுத்த கிழமை வகுப்பில் அம்மாணவியை எழுப்பி, சென்ற ஆண்டு அவள் கேட்ட வினாவுக்கு மீண்டும் விடை சொல்லவேண்டும்.